கரீபியனில் ஸ்நார்கலிங் மட்டும் செய்ய எந்தத் தீவு? எங்கள் அனுபவத்தில் பொனைர்

கேள்வி: எனக்கும் மனைவிக்கும் நீச்சல் சுமாராகத்தான் தெரியும். காற்றுச் சிலிண்டர் கட்டி ஆழத்தில் இறங்கும் ஸ்கூபா வேண்டாம், குழாய் வழியே மூச்சுவிட்டபடி நீர்மட்டத்தில் மிதந்து பார்க்கும் ஸ்நார்கலிங் போதும். திருமண நாளை ஒட்டி ஒரு வாரம் கரீபியன் போகலாம் என்று இருக்கிறோம். அரூபா, கொசுமெல், பொனைர் மூன்றில் எது?

பதில்:

பொனைர். நானும் என் கணவரும் போய் வந்த தீவு. உங்கள் கேள்வியில் "ஸ்நார்கலிங் போதும்" என்று இருப்பதால்தான் இவ்வளவு உறுதியாகச் சொல்கிறேன்.

அரூபாவில் மணல் கடற்கரையும் பெரிய ஹோட்டல்களும் பிரமாதம். ஆனால் கரையிலிருந்து இறங்கிப் பவளப்பாறை பார்க்கத் தோதான இடங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். கொசுமெலின் பாறைகள் உலகப் புகழ் பெற்றவை. ஆனால் அங்கே நல்ல இடங்களுக்குப் படகில்தான் போக வேண்டும், நீரோட்டமும் பல இடங்களில் வேகம். பொனைரில் மேற்குக் கரை நெடுகிலும் பாறை கரையை ஒட்டியே ஓடுகிறது. சாலையோரம் மஞ்சள் பெயின்ட் அடித்த கல்லில் இடத்தின் பெயர் எழுதியிருக்கும். வண்டியை நிறுத்துகிறீர்கள், முகமூடியை மாட்டுகிறீர்கள், தண்ணீரில் இறங்குகிறீர்கள். கொஞ்ச தூரம் நீந்தினால் பாறை வந்துவிடும்.

கணவன் மனைவியாகப் போகிறவர்களுக்கு இது எவ்வளவு பெரிய சௌகரியம் என்று அங்கே போன பிறகுதான் புரிந்தது. படகுப் பயணம் என்றால் எல்லோருக்கும் ஒரே நேரம், ஒரே வேகம். ஒருவருக்குக் களைப்பு, மற்றவருக்கு இன்னும் ஆசை என்றால் யாராவது ஒருவர் விட்டுக்கொடுக்க வேண்டியதுதான். பொனைரில் களைத்தால் கரையேறி உட்கார்ந்து தண்ணீர் குடித்துவிட்டு மறுபடி இறங்கலாம். யாரும் விசில் ஊத மாட்டார்கள்.

தீவு வெனிசுவேலாவுக்கு வடக்கே இருக்கிறது. காற்று ஏறக்குறைய ஆண்டு முழுக்கக் கிழக்கிலிருந்து வீசுவதால் மேற்குக் கரை தீவின் மறைவில் அமைதியாகக் கிடக்கும். புயல்கள் வழக்கமாகப் போகும் பாதைக்குத் தெற்கே இருப்பதால் அந்தக் கவலையும் குறைவு. தண்ணீர் 26 முதல் 29 டிகிரி வரை. 2010 அக்டோபரிலிருந்து நெதர்லாந்தின் தனி நகராட்சி போன்ற அமைப்பு, ஆனால் 2011 முதல் செலாவணி அமெரிக்க டாலர். தலைநகர் கிராலன்டைக், நடந்தே சுற்றிவிடக்கூடிய சின்ன ஊர்.

அந்தப் பாறை இன்னும் உயிரோடு இருப்பது தற்செயல் இல்லை. 1971-இல் நீருக்கடியில் ஈட்டி எறிந்து மீன் பிடிப்பதைத் தடை செய்தார்கள். 1975-இல் பவளத்தை உடைத்து எடுப்பதற்கும் தடை. 1979-இல் தீவைச் சுற்றிலும் 60 மீட்டர் ஆழம் வரை உள்ள கடலைத் தேசியக் கடல் பூங்காவாக அறிவித்தார்கள். பாறைமேல் நங்கூரம் போட முடியாது. படகுகள் மிதவைகளில்தான் கட்ட வேண்டும். 2010-இல் கிளிமீன் பிடிப்பதையும் நிறுத்தினார்கள். பாறைமேல் படரும் பாசியைத் தின்று பவளத்துக்கு இடம் விட்டு வைப்பது கிளிமீன்தான். தண்ணீருக்குள் தலையை வைத்ததும் முதலில் காதில் விழுவதும் அதன் சத்தம்தான்: கரக், கரக் என்று கல்லைக் கடிக்கும் ஓசை. பச்சையும் நீலமுமாக முழங்கை நீளத்துக்கு ஒன்று கண்முன் கல்லைக் கடித்துவிட்டு, கொஞ்ச தூரம் போய்ப் பின்னாலிருந்து வெண்மணலைப் புகையாக விடும். கரையோர மணலில் ஒரு பங்கு இப்படி வருவதுதான்.

இப்போது நான் முக்கியமாகச் சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன். தீவில் இறங்குவதற்கு எண்பதுக்கு மேல் இடங்கள் உண்டு. வரைபடத்தை வாங்கியதும் எல்லாவற்றையும் பார்த்துவிட வேண்டும் என்று தோன்றும். அப்படிச் செய்யாதீர்கள். தங்குமிடத்துக்குப் பக்கத்தில் சுலபமாக இறங்க முடிகிற ஒரே இடத்தைத் தேர்ந்தெடுத்து, தினமும் காலையில் அங்கேயே போங்கள். மற்ற இடங்களை மதியத்துக்கு வைத்துக்கொள்ளுங்கள்.

காரணம் சொல்கிறேன். நாங்கள் வழக்கமாக இறங்கிய இடத்தில் ஒரு தட்டையான பாறைமேல் உள்ளங்கை அகலத்துக்கு ஊதா கலந்த சிவப்பாக ஒரு திட்டு. பாசி என்றுதான் நினைத்தேன். பக்கத்தில் போனதும் கருநீலமான ஒரு சின்ன மீன் நேராக என் முகத்துக்கு வந்தது. விலகினேன், திரும்பிப் போய்விட்டது. மறுபடி நெருங்கினேன், மறுபடி வந்தது. சார்ஜென்ட் மேஜர் என்று சொல்வார்கள். சாதாரணமாக மஞ்சள் முதுகும் கறுப்புப் பட்டைகளுமாகக் கூட்டமாகத் திரியும் மீன். பெண் முட்டையிட்டுவிட்டுப் போய்விடும், ஆண் நிறம் மாறிக் காவல் நிற்கும். அந்தத் திட்டு முழுக்க முட்டை. அடுத்தடுத்த காலைகளில் சிவப்பு மங்கிப் பச்சையாக மாறியது. மஞ்சள் தலை மீன்கள் கூட்டமாக முட்டை தின்ன வந்தபோது அந்த ஒற்றை மீன் அத்தனையையும் துரத்தியது. பிறகு ஒரு நாள் பாறை வெறும் பாறையாக இருந்தது. குஞ்சுகள் பொரித்துப் போய்விட்டன. தினம் ஓர் இடம் என்று ஓடியிருந்தால் அந்தத் திட்டை ஒரு முறை கடந்து போயிருப்போம், அவ்வளவுதான்.

ஒரே இடத்துக்குப் போனால் பயமும் போய்விடும். எங்கே ஆழம் தொடங்குகிறது, நீரோட்டம் எந்தப் பக்கம் இழுக்கும், எந்தக் கல் வழுக்கும் என்று உடம்புக்கே தெரிந்துவிடும். நான் ஊரில் கிணற்றில் நீந்தப் பழகியவள், ஆழம் எனக்குப் பெரிதில்லை. என் கணவர் பெரியவரான பிறகு நீச்சல் குளத்தில் கற்றுக்கொண்டவர். காலுக்குக் கீழே தரை சரிந்து நீலமாகப் போகும் அந்த விளிம்பு முதலில் அவரைக் கலங்கடித்தது. அதே விளிம்புக்குத் தினமும் போய்ப் போய், கடைசியில் என் கையை விட்டுவிட்டு ஓர் அழுங்காமையின் பின்னாலேயே போனார். ஆமை மூச்சு வாங்க மேலே வந்ததும் இரண்டு தலைகளும் ஒன்றாக வெளியே தெரிந்தன.

நீச்சல் சுமார் என்கிறீர்கள், அதனால் சில விஷயங்கள். இருவருக்கும் காற்று நிரப்பும் ஸ்நார்கல் வெஸ்ட் எடுத்துக்கொள்ளுங்கள். அதில் கூச்சம் வேண்டாம். முகமூடி வாடகைக்குக் கிடைக்கும், ஆனாலும் சொந்தமாக வாங்கிப் போவது நல்லது. கடையில் பட்டையை மாட்டாமல் முகத்தில் வைத்து மூக்கால் லேசாக மூச்சை இழுங்கள். கையை எடுத்தாலும் விழாமல் ஒட்டிக்கொண்டு நின்றால் அதுதான் உங்கள் அளவு. மீசை வைத்திருந்தால் மூக்குக்குக் கீழே தண்ணீர் கசியும். முழுக்க எடுக்க வேண்டாம், மூக்கை ஒட்டி ஒரு கோடு அளவுக்கு மழித்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும். கண்ணாடி போடுபவர் என்றால் பவர் உள்ள முகமூடி கிடைக்கிறது. முகம் முழுவதையும் மூடும் வகையை நான் சிபாரிசு செய்ய மாட்டேன். உள்ளே தண்ணீர் புகுந்துவிட்டால் சட்டென்று கழற்றுவது கஷ்டம்.

செருப்பு விஷயத்தில் அலட்சியம் வேண்டாம். பொனைரில் மணல் கரை அபூர்வம். பெரும்பாலும் உடைந்த பவளக் கற்கள்தான், காலைக் கிழித்துவிடும். கெட்டியான அடிப்பாகம் உள்ள தண்ணீர் ஷூவும், அதன் மேலேயே காலில் மாட்டக்கூடிய துடுப்பும் வேண்டும். தண்ணீரில் ஒருவர் பின்னால் ஒருவர் போகாதீர்கள், தோளோடு தோள் போங்கள். வேகத்தை யாருக்குப் பயம் அதிகமோ அவர் தீர்மானிக்கட்டும். போகும்போது நீரோட்டத்துக்கு எதிராகப் போங்கள். களைத்துத் திரும்பும்போது அதுவே கரைக்குக் கொண்டுவந்து சேர்க்கும்.

தினசரி இடமாக விமான நிலையத்துக்கு எதிரே உள்ள தே ஆமோ கடற்கரை நல்லது. அங்கே மணலில் இறங்கலாம். வடக்கே ஆயிரம் படிகள் என்று ஓர் இடம். உண்மையில் எழுபதைச் சுற்றித்தான் இருக்கும், ஏறும்போது வேண்டுமானால் ஆயிரமாகத் தோன்றும். தெற்கே உப்புத் துறை. கப்பலில் உப்பு ஏற்றும் பாலத்தின் தூண்களைச் சுற்றி மீன்கள் அடர்ந்து நிற்கும், ஆனால் கப்பல் நிற்கும் நாட்களில் இறங்க அனுமதி இல்லை. சாலையின் மறுபக்கம் இளஞ்சிவப்பு உப்பளங்களும் பூநாரைகளும்.

அந்தச் சாலையில் இன்னும் கொஞ்சம் தெற்கே போனால் கடலைப் பார்த்துச் சின்னச் சின்னக் கல் குடில்கள் வரிசையாக நிற்கும். உப்பளத்தில் வேலை செய்த அடிமைகள் படுக்க 1850-இல் கட்டியவை. நிமிர்ந்து நிற்க முடியாது, குனிந்துதான் நுழைய வேண்டும். கரீபியன் டச்சுக் காலனிகளில் அடிமை முறை 1863-இல்தான் ஒழிந்தது. இதே கடலில் குளிக்க வந்தவர்கள் நாம். அங்கே வண்டியை நிறுத்தி, உள்ளே போய் உட்கார்ந்து பார்த்துவிட்டுப் போவது நம் கடமை என்று நினைக்கிறேன்.

பவளத்தின் நிலையையும் மறைக்க விரும்பவில்லை. திசுக்களை உரித்துக் கொல்லும் ஒரு பவள நோய் கரீபியன் முழுக்கப் பரவி 2023-இல் பொனைரிலும் கண்டுபிடிக்கப்பட்டது. கடல்நீர் சூடாவதால் வெளிறிப்போகும் தொல்லை வேறு. மூளை போல மடிப்பு மடிப்பாக இருக்கும் பெரிய பவளங்கள் சில பாதி வெள்ளையாகச் செத்துக் கிடப்பதை நீங்களும் பார்ப்பீர்கள். வருத்தமாக இருக்கும். கூடவே, மணல் தரைக்கு மேலே நட்டு வைத்த செயற்கை மரங்களில் மான்கொம்புப் பவளத் துண்டுகளைத் தொங்கவிட்டு வளர்ப்பதையும் பார்க்கலாம்; வளர்ந்ததும் பாறையில் கொண்டுபோய் நடுகிறார்கள். நோய் பரவாமல் இருக்க, ஓர் இடத்தில் பயன்படுத்திய முகமூடி, துடுப்பை நன்றாகக் கழுவிய பிறகே அடுத்த இடத்தில் இறங்குங்கள். எதையும் தொடாதீர்கள், பவளத்தின் மேலே நிற்காதீர்கள். ஆக்ஸிபென்சோன், ஆக்டினாக்ஸேட் என்ற ரசாயனங்கள் கலந்த சன்ஸ்கிரீனுக்கு 2021 முதல் அங்கே தடை. முழுக்கைச் சட்டையும் நீளக் கால்சட்டையும் போட்டுக்கொண்டு இறங்கினால் முகத்துக்கும் கழுத்துக்கும் மட்டும் கொஞ்சம் பூசினால் போதும்.

செலவு குறைவு என்று சொல்ல மாட்டேன். எல்லாப் பொருளும் வெளியிலிருந்து வருவதுதான். தீவுக்குள் நுழைய ஆளுக்கு 75 டாலர் வரி, கடல் பூங்காவுக்கு 40 டாலர். அந்த 40 டாலரை நான் சந்தோஷமாகக் கட்டினேன். சமையலறை உள்ள வாடகை வீடு பிடித்தால் பாதிக் கவலை விட்டது. வெளியே சாப்பிட்டால் காபிரிட்டு ஸ்டோபா என்ற ஆட்டுக்கறிக் குழம்பையும், கூட வைக்கும் மக்காச்சோளக் களியையும் விட்டுவிடாதீர்கள். சைவம் என்றால் வீட்டுச் சமையல்தான் உத்தமம். வாடகைக்கு பிக்கப் வண்டி எடுங்கள். கரையில் நிறுத்தும்போது உள்ளே எதையும் வைக்காதீர்கள், சின்னத் திருட்டுகள் உண்டு.

விசா பற்றி: தீவு நெதர்லாந்துடையது என்றாலும் ஷெங்கன் பகுதியில் சேராது. இந்தியப் பாஸ்போர்ட் என்றால் கரீபியன் பகுதிக்கான விசா விதிகளை நெதர்லாந்து அரசின் தளத்தில் முதலிலேயே பார்த்துவிடுங்கள். எந்தெந்த விசா அல்லது குடியிருப்பு அட்டை இருந்தால் விலக்கு என்று அங்கேயே போட்டிருப்பார்கள்.

திருமண நாளன்று மட்டும் கிளைன் பொனைர் போங்கள். எதிரே சில நூறு மீட்டரில் இருக்கும் ஆளில்லாத குட்டித் தீவு. கிராலன்டைக்கிலிருந்து தண்ணீர் டாக்ஸி போகும். பாறையின் ஒரு முனையில் இறக்கிவிட்டால் நீரோட்டமே உங்களை மெல்ல நகர்த்திக்கொண்டு பெயரில்லாக் கடற்கரை என்று சொல்லப்படும் மணல் கரையில் சேர்க்கும். கால்களை அடிக்கவே வேண்டியிருக்காது. ஆனால் இதை வாரத்தின் கடைசியில் வைத்துக்கொள்ளுங்கள், அதற்குள் தண்ணீர் பழகியிருக்கும். அங்கே நிழலும் கிடையாது, கடையும் கிடையாது. தொப்பி, குடிதண்ணீர், சாப்பாடு மூன்றையும் கையோடு கொண்டுபோக வேண்டும். வெயில் ஏறுவதற்குள் திரும்பிவிட வசதியாக, காலையில் போகும் முதல் டாக்ஸியிலேயே இடம் சொல்லி வையுங்கள்.