தோட்டத்தை விற்க வேண்டாம், ஐயா

சென்ற சனிக்கிழமை மகளின் மேற்படிப்புக்கு வழி கேட்டு என் அறையில் நாற்பது நிமிடம் உட்கார்ந்திருந்தீர்கள். அதில் முப்பது நிமிடம் உங்கள் மைத்துனர் பேசினார். மகள் பேசியது இரண்டே வாக்கியம்.

நீட் இரண்டாம் முறையும் கைகொடுக்காதது வேதனைதான். ஆறுதல் இத்துடன் போதும், கணக்குக்கு வருகிறேன். தோட்டத்தை விற்று வெளிநாட்டில் எம்.பி.பி.எஸ். என்கிறார் மைத்துனர். முடித்து வந்தாலும் இங்கே தகுதித் தேர்வு எழுத வேண்டும். எழுதுகிறவர்களில் பெரும்பாலோர் முதல் முறை தேறுவதில்லை. இளையவன் ஒன்பதாம் வகுப்பு. தோட்டமோ ஒன்றுதான். இதற்கு நான் சம்மதிக்க மாட்டேன்.

மகள் சொன்னதை நீங்கள் கவனித்தீர்களா? "பாட்டியின் ஐ.சி.டி. ராத்திரி இரண்டரை மணிக்குத் துடிப்பு தறிகெட்டதைத் தானே சரிசெய்திருக்கிறது. அது எப்படிக் கண்டுபிடித்தது?" ஐ.சி.டி. என்பது துடிப்பு தறிகெட்டால் சரிசெய்ய உடலுக்குள் பொருத்தும் இதயக் கருவி. பரிசோதனைக்குப் போன அன்று டெக்னீஷியன் பாட்டியின் மார்பின் மேல் கருவியை வைத்ததும் திரையில் ஓடிய கோடுகளை அவள் பார்த்திருக்கிறாள். மாமா குறுக்கே பேசியதில் கேள்வி காற்றோடு போயிற்று.

பதிலை இங்கே சொல்கிறேன். தோளுக்குக் கீழே தோலடியில் ஒரு டைட்டானியப் பெட்டி. அதிலிருந்து ஒயர் ரத்தக்குழாய் வழியே இதயத்துக்குள் போகிறது. ஒரு துடிப்புக்கும் அடுத்ததற்கும் இடையே எத்தனை மில்லிசெகண்ட் என்று இரவும் பகலும் எண்ணுகிறது. இடைவெளி அபாய அளவுக்குச் சுருங்கினால், அதைவிட வேகமாகச் சில துடிப்புகளைத் தானே கொடுத்துப் பார்க்கும். தூங்குகிறவருக்குப் பெரும்பாலும் தெரியாது. அதற்கும் அடங்காவிட்டால் ஷாக். மிரோவ்ஸ்கி என்ற டாக்டரின் பிடிவாதத்தால் 1980இல் அமெரிக்காவின் ஜான்ஸ் ஹாப்கின்ஸில் முதல் மனிதருக்குப் பொருத்தினார்கள். இப்போது சில கருவிகள் மார்பின் மின்தடையையும் அளக்கின்றன. நுரையீரலில் நீர் கோத்தால் தடை குறையும்; மூச்சுத்திணறல் வருமுன்பே எச்சரிக்கை கிடைக்கும். நுரையீரல் தமனிக்குள் வைக்கும் ஒரு அழுத்தமானிக்குப் பேட்டரியே கிடையாது. நோயாளி ஆன்டெனா வைத்த தலையணையில் படுத்தால் அளவு வெளியே வந்துவிடும். அமெரிக்க அரசு 2014இல் அதற்கு அனுமதி தந்தது.

ஆனால் மாடிப்படி ஏறினாலும் துடிப்பு கூடுமே? அதை ஆபத்தென்று எண்ணிக் கருவி ஷாக் கொடுத்துவிட்டால், விழித்திருப்பவருக்கு மாடு முட்டியது போலிருக்கும். இரண்டையும் பிரித்தறியக் கருவிக்குச் சொல்லிக்கொடுப்பது ஒரு பொறியாளரின் வேலை.

உங்கள் மகள் கணிதமும் உயிரியலும் சேர்ந்த பிரிவில் படித்தவள். பொறியியல் கலந்தாய்வுக்கு நீட் வேண்டாம். கம்ப்யூட்டர் சயன்ஸ் பற்றிச் சொல்லப் பத்துப் பேர் இருக்கிறார்கள், நான் விட்டுவிடுகிறேன். மருத்துவக் கருவிகளைப் பற்றிய பொறியியல்தான் பயோமெடிக்கல். அந்தப் பெயரைப் பார்த்ததும் கிடைத்த கல்லூரியில் சேர்த்துவிடாதீர்கள். ஆய்வகம் சரியில்லாத இடத்தில் படித்தவர்கள் கருவி விற்பனையிலும் பழுதுபார்ப்பதிலும் போய் நிற்கிறார்கள். கௌரவமான வேலைதான், இவள் கேட்டது அதுவல்ல. நல்ல கல்லூரியில் கிடைக்காவிட்டால் இ.சி.இ. (எலக்ட்ரானிக்ஸ், தகவல் தொடர்பு) எடுக்கட்டும். பிறகு எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதி, சென்னை ஐ.ஐ.டி.யும் வேலூர் சி.எம்.சி. மருத்துவக் கல்லூரியும் திருவனந்தபுரம் ஸ்ரீசித்ரா மருத்துவ ஆய்வு நிறுவனமும் சேர்ந்து நடத்தும் கிளினிக்கல் இன்ஜினியரிங் எம்.டெக். படிக்கலாம். மூன்று மாதிரிகள் தோற்ற பின் நான்காவதில் வென்று, 1990இல் இந்தியாவின் சொந்த இதய வால்வை நோயாளிக்குப் பொருத்திய இடம் ஸ்ரீசித்ரா. இம்பிளான்ட், அதாவது உடலுக்குள் பொருத்தும் கருவி, வடிவமைக்கும் வேலைகள் இங்கே இன்னும் குறைவு. முதல் சம்பளம் மைத்துனரை அசத்தாது. அதையும் மகளிடம் சொல்லிவிடுங்கள்.

ஆறாம் வகுப்பிலிருந்து பிளஸ் 2 வரை அரசுப் பள்ளி என்றீர்கள். 7.5 சதவீத ஒதுக்கீட்டில் பொறியியல் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணத்தையும் விடுதிச் செலவையும் தமிழக அரசே ஏற்கிறது. ஏஜென்டுக்கு முன்பணம் கொடுக்கத் துடிக்கும் மைத்துனருக்கு இது எப்படித் தெரியாமல் போயிற்று என்று வியக்கிறேன்.

முன்பணம் ஒரு ரூபாயும் கொடுக்காதீர்கள். கலந்தாய்வு விண்ணப்பத்தை அவளே நிரப்பட்டும். அடுத்த சனிக்கிழமை அவளை அழைத்து வாருங்கள், பாட்டியின் ஐ.சி.டி. அட்டையும் வேண்டும், எந்த மாடல் என்று பார்த்து அதன் கையேட்டை அவளோடு உட்கார்ந்து படிக்கப்போகிறேன். மைத்துனர் வீட்டில் இருக்கட்டும்.