ஆறு மாதம் ஸ்டாக்ஹோமில் ஆன்சைட் வேலை. நான் சைவம். சாப்பாடு, காபி, நண்பர்கள் எல்லாம் எப்படி இருக்கும்?

நீங்கள் ஐடி ஆள், தனியாகப் போகிறீர்கள், கம்பெனி கொடுக்கும் ஃபிளாட்டில் இன்னும் இரண்டு பேரோடு தங்குவீர்கள் என்று நானே முடிவுகட்டிக்கொண்டு எழுதுகிறேன்.

சாப்பாட்டுக்குக் கவலை வேண்டாம். பெட்டியில் பாதியை ரவை, பருப்பு என்று அடைக்காதீர்கள். ரவை ‘மன்னாகிரின்’ என்ற பெயரில் சூப்பர் மார்க்கெட்டிலேயே கிடைக்கும். ‘ஃபில்மியோல்க்’ என்ற புளித்த பால் வாங்கினால் தயிர் சாதத்துக்கு ஆயிற்று. நெய், பால்கோவா கூடவே கூடாது. ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் வெளியிலிருந்து பால் பொருள் கொண்டுபோக அனுமதி இல்லை. அங்கேயே வெண்ணெய் வாங்கி உருக்கிக்கொள்ளலாம். மதியச் சாப்பாடு பதினொன்றரைக்கே தொடங்கிவிடும். வியாழக்கிழமை பட்டாணி சூப்பை மட்டும் கேட்டுவிட்டுச் சாப்பிடுங்கள், அதில் பன்றிக்கறி போடுவது வழக்கம்.

காபிதான் சோதனை. மெஷினில் வடித்து ஜக்கில் வைத்திருப்பார்கள். அதில் ஃபிரிட்ஜிலிருந்து எடுத்த பச்சைப் பாலை அப்படியே ஊற்றிக் குடிப்பார்கள். சூடும் இருக்காது, நுரையும் இருக்காது. வீட்டுக்கு நம் ஃபில்டரும் பொடியும் எடுத்துப் போங்கள். ஆனால் ஆபீசில் அவர்கள் காபியைத்தான் குடிக்க வேண்டும், அவர்களோடு உட்கார்ந்துதான் குடிக்க வேண்டும். மூன்று மணி வாக்கில் மேலாளர் உட்பட எல்லோரும் எழுந்து ‘ஃபீகா’வுக்குப் போய்விடுவார்கள். காபியும் ஏலக்காய் பன்னுமாகக் கொஞ்ச நேரம் ஓடும்.

இங்கேதான் எனக்கு வயிற்றெரிச்சல். நான் அங்கே வேலை பார்த்தபோது, சென்னையில் இருந்த எங்கள் லீட் தினமும் சரியாக அந்த நேரத்தில் ஸ்டேட்டஸ் கால் வைப்பார். குளிர்காலத்தில் அங்கே மூன்று மணி என்றால் இங்கே ராத்திரி ஏழரை. ஒரு மணி நேரம் தள்ளி வைக்கச் சொன்னதற்கு, “காபி குடிக்கவா உன்னை அனுப்பினோம்?” என்றார். அப்ரைசலிலும் அது வந்தது. டெஸ்ட் சர்வருக்கு அனுமதி கேட்டு மெயில் மேல் மெயில் போட்டும் நடக்காத காரியம், ஃபீகாவில் பன்னைக் கடித்துக்கொண்டே ஒருவர் “சரி, இப்பவே கொடுத்துடறேன்” என்று முடித்த கதையை அவருக்குச் சொல்லியிருக்கிறேன். காதில் ஏறவில்லை.

எங்கள் டீமில் வெள்ளிக்கிழமை ஃபீகாவுக்கு முறை வைத்து ஆளுக்கொருவர் ஏதாவது கொண்டுவர வேண்டும். என் முறை டிசம்பரில் வந்தது. மூன்று மணிக்கே வெளியே இருட்டு. ரவா கேசரி கிண்டி, அரை கிராம் பொட்டலக் குங்குமப்பூவைப் பாலில் கரைத்துப் போட்டு, முந்திரி, திராட்சை வறுத்துக் கொட்டி எடுத்துப் போனேன். அதுவரை என்னிடம் ‘ஹேய்’ தவிர ஒரு வார்த்தை பேசாத ஒரு மூத்த டெஸ்டர் அம்மா டப்பாவைத் திறந்து முகர்ந்தார். “இது லூசியா வாசனை ஆச்சே!” என்றார். டிசம்பர் 13, லூசியா நாளுக்கு அவர்கள் குங்குமப்பூவும் திராட்சையும் வைத்து எஸ் வடிவில் பன் சுடுவார்கள். அடுத்த வாரமே தன் வீட்டுக்குக் கூப்பிட்டு எனக்கு மாவு உருட்டக் கற்றுக்கொடுத்தார். இன்றும் வாட்ஸ்அப்பில் பேசுகிறோம்.

உடனே “எங்க ஆபீசில் யாரும் முகம் கொடுத்தே பேச மாட்டாங்க” என்று கருத்தில் வராதீர்கள். எல்லா இடமும் ஒன்றல்ல, தெரியும். நம் ஆட்களோடு மட்டும் டப்பா பிரித்துச் சாப்பிடுவது தப்பு என்றும் நான் சொல்லவில்லை. அதற்கு ஸ்டாக்ஹோம் வரை போக வேண்டுமா என்றுதான் கேட்கிறேன்.

அப்புறம், நீங்கள் கேட்கவில்லை, இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். அடுக்குமாடியில் துணி துவைக்கும் அறை பொது. பலகையில் உங்கள் பூட்டை மாட்டி நேரம் பிடிக்க வேண்டும். கொஞ்சம் பிசகினாலும் கதவில் சீட்டு ஒட்டிவிடுவார்கள், நேரில் பார்த்தால் மட்டும் சிரித்துக்கொண்டு போவார்கள். டிரையர் ஃபில்டரில் பஞ்சை அப்படியே விட்டதாக எங்கள் ஃபிளாட் எண்ணைப் போட்டு மூன்று ஆச்சரியக்குறியோடு ஒரு சீட்டு வந்தது. அது நான் இல்லை, என் ரூம்மேட்.