குளிரில் பின் சக்கரம் பிடித்துக்கொண்டால் முதலில் எங்கே பார்ப்பது?

கோவையிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். எட்டு வருடம் ஓடிய சின்ன கார், முன்னால் டிஸ்க் பிரேக், பின்னால் டிரம் பிரேக். ஜனவரியில் குடும்பத்தோடு ஊட்டி போய், சாரல் மழையில் நனைந்தபடியே தலைகுந்தா பக்கம் ஒரு காட்டேஜில் ஹேண்ட்பிரேக் போட்டு நிறுத்தியிருக்கிறார். காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைபனி. வண்டியை எடுத்தால் நகரவில்லை. ஆக்சிலேட்டரை நன்றாக மிதித்ததும் பின்னாலிருந்து 'டக்' என்று பெரிய சத்தம், அப்புறம் வண்டி கிளம்பிவிட்டது. ஆனால் வீடு வந்து சேர்ந்தபோது இடது பின் சக்கரம் மட்டும் கொதிக்கிறது, தீய்ந்த வாடை வேறு. மெக்கானிக், பெடலை மிதித்ததும் பிரேக் ஆயிலை எல்லாச் சக்கரங்களுக்கும் தள்ளும் மாஸ்டர் சிலிண்டரை மாற்றச் சொல்கிறாராம். மாற்றலாமா?

இப்போதைக்கு வேண்டாம். இந்த மாதிரி கார்களில் பிரேக் லைன் பெரும்பாலும் குறுக்காகப் பிரிந்திருக்கும், அதாவது ஒரு முன் சக்கரமும் அதற்கு எதிர்ப்பக்கத்துப் பின் சக்கரமும் ஒரே லைனில் இருக்கும். மாஸ்டர் சிலிண்டர் அழுத்தத்தை விடாமல் பிடித்துவைத்திருந்தால் கூடவே ஒரு முன் சக்கரமும் பிடித்திருக்க வேண்டும். உங்களுக்கு ஒரே ஒரு பின் சக்கரம்தான் சுடுகிறது என்றால் கோளாறு அந்தச் சக்கரத்திலோ அதற்குப் போகும் வழியிலோ இருக்கிறது. "குளிரில் பிரேக் ஆயில் உறைந்துவிட்டது" என்று யாராவது சொன்னால் அதையும் நம்ப வேண்டாம். டாட் 3, டாட் 4 என்ற வகைப் பிரேக் ஆயில் எல்லாம் மைனஸ் 40 டிகிரியிலும் ஓட வேண்டும் என்று தரம் வைத்துச் செய்வது. ஊட்டிக் குளிர் அதற்கு ஒன்றுமே இல்லை.

உறைவது தண்ணீர்தான். குளிரில் பிரேக் பிடித்தது என்று வரும் வண்டிகளில் நான் முதலில் தேடுவது, தண்ணீர் எந்த வழியாக உள்ளே போனது என்பதைத்தான்.

அன்று காலை நடந்தது பெரும்பாலும் இதுதான். டிரம்முக்குள், அதாவது சக்கரத்தோடு சுற்றும் உருளைக்குள் ஈரம் இருந்தது, ஹேண்ட்பிரேக் போட்டதும் அதன் உள்சுவரில் உரசி நிறுத்தும் ஷூ டிரம்மோடு அழுந்தி நின்றது, இரவில் அந்த ஈரம் உறைந்தோ துருவாகியோ இரண்டையும் ஒட்டிவிட்டது. இப்படி நின்ற டிரம்மைக் கழற்றிப் பார்த்தால் உள்சுவரில் ஷூவின் அளவுக்கே அச்சடித்தாற்போல் பழுப்பு நிறத்தில் துரு படிந்திருக்கும், விரல் வைத்தால் விளிம்பு தெரியும். லேசான ஒட்டல் என்றால் சிறு சத்தத்தோடு விட்டுவிடும், கொஞ்ச தூரம் ஓடியதும் துருவும் தேய்ந்து போய்விடும்.

எனக்குக் கவலை அந்தப் பெரிய 'டக்'தான். ஷூவின் மேல் உரசும் பட்டையான லைனிங்கை இந்த மாதிரி கார்களில் பெரும்பாலும் பசை வைத்துத்தான் ஒட்டியிருப்பார்கள். எட்டு வருடப் பசையை ஆக்சிலேட்டர் மிதித்துப் பிய்த்தால் சில சமயம் டிரம்மை விட்டு ஷூ வராது, ஷூவை விட்டு லைனிங் பெயர்ந்து வந்துவிடும். அந்தத் துண்டு உள்ளேயே உருண்டு உரசும், சுடும், மோசமாக மாட்டினால் ஓடும் வண்டியில் சக்கரத்தையே பூட்டிவிடும். அதனால் அந்த டிரம்மைத் திறந்து பார்க்காமல் வண்டியை இனி வெளியே எடுக்காதீர்கள். திறக்கும்போது உள்ளே இருக்கும் தூசியை ஊதாதீர்கள், ஏர் அடிக்கவும் விடாதீர்கள். நுரையீரலுக்குக் கெடுதல். ஈரத்துணியால் துடைத்தால் போதும்.

ஆனால் டிரம்மைத் திறப்பதற்கு முன்பே செய்ய வேண்டிய சோதனை ஒன்று உண்டு, திறந்துவிட்டால் அந்தத் தடயம் போய்விடும். சமதளத்தில் நிறுத்தி, கியரில் போட்டு, முன் சக்கரங்களுக்குக் கல் கொடுத்து, பின்பக்கத்தைத் தூக்கி ஸ்டாண்ட் வையுங்கள். வெறும் ஜாக்கை நம்பி வண்டிக்கு அடியில் போகவே கூடாது. ஹேண்ட்பிரேக்கை முழுதாக விட்டுவிட்டு வலது சக்கரத்தைச் சுற்றுங்கள், அப்புறம் இடது. இடது இறுக்கமாக இருந்தால் அந்தச் சக்கரத்துக்குப் போகும் ஹேண்ட்பிரேக் கேபிளைக் கையால் அசைத்துப் பாருங்கள். கம்பி மாதிரி விறைப்பாக இருந்தால் கோளாறு கேபிளில், மேலுறை எங்கோ கிழிந்து தண்ணீர் உள்ளே போயிருக்கும். நான் கழற்றிய ஒரு பழைய கேபிளை வெட்டிக் கவிழ்த்தபோது டீ நிறத்தில் தண்ணீர் சொட்டியது. அந்தத் தண்ணீர் இரவில் உறைந்தால் லீவரை விட்டாலும் கேபிள் திரும்பாது, வெயில் ஏறியதும் தானாக விட்டுவிடும், அதனால்தான் மத்தியானம் பட்டறைக்கு வரும்போது வண்டி ஒழுங்காகத் தெரியும். எண்ணெய் விட்டுச் சமாளிப்பது சில வாரம்தான் வரும், மாற்றிவிடுங்கள்.

கேபிள் தளர்வாக இருந்தும் சக்கரம் சுற்றவில்லையா? அப்போது அந்தச் சக்கரத்தின் ப்ளீடர் நிப்பிளை, அதாவது பிரேக் ஆயிலை வெளியே விடும் சிறு திருகைக் கொஞ்சம் திறக்கச் சொல்லுங்கள். ஆயில் சட்டென்று பீறிட்டு உடனே சக்கரம் சுற்றினால், அழுத்தம் உள்ளே மாட்டியிருந்தது என்று அர்த்தம். ஒற்றைச் சக்கரத்தில் அப்படி என்றால் அதற்கு ஆயில் கொண்டுபோகும் ரப்பர் ஹோஸைத்தான் சந்தேகப்பட வேண்டும், வெளியே நன்றாக இருக்கும், உள்ளே சதை வீங்கி வழியை அடைத்திருக்கும். நிப்பிளைத் திறந்தும் விடவில்லை என்றால் உள்ளே ஷூ, ஸ்பிரிங், ஷூவைத் தள்ளும் வீல் சிலிண்டர் என்று ஏதோ ஒன்று சிக்கியிருக்கிறது. இந்த ஐந்து நிமிடச் சோதனையைச் செய்யாமல் எந்தப் பாகத்துக்கும் காசு கொடுக்காதீர்கள்.

சூட்டை வைத்துக் கணிக்கும்போதும் கொஞ்சம் கவனம். மலை இறங்கினால் எல்லாச் சக்கரமும் சுடும், முன்னால் இன்னும் அதிகமாகச் சுடும். இடது பின்னையும் வலது பின்னையும்தான் ஒப்பிட வேண்டும், அதுவும் டிரம்மைத் திறந்து சரிபார்த்த பிறகு, சமவெளியில் பிரேக்கை அதிகம் தொடாமல் ஓட்டி நிறுத்தி. கை வைக்காதீர்கள், இரண்டு சொட்டுத் தண்ணீர் தெளித்தால் போதும், சுர்ரென்று எந்தப் பக்கம் ஆவியாகிறது என்று தெரிந்துவிடும்.

பின்னாலும் டிஸ்க் வைத்திருப்பவர்களுக்கு ஒரு வார்த்தை. உங்களுக்குச் சிக்குவது பெரும்பாலும், டிஸ்க்கைக் கவ்விப் பிடிக்கும் காலிப்பர் நகர்வதற்கான ஸ்லைடு பின். அதற்குச் சாதாரண கிரீஸ் தடவிவிடுகிறார்கள், அதில் ரப்பர் ஊதிப் பின்னை இறுக்கிவிடும். சிலிக்கான் கிரீஸ்தான் போட வேண்டும்.

அடுத்த முறை மலையில் இரவு தங்கும்போது, நிறுத்துவதற்கு முன் கடைசி ஒரு கிலோமீட்டர் பிரேக்கை லேசாக மிதித்து மிதித்து ஓட்டி ஈரத்தை உலர்த்துங்கள். சமதளம் கிடைத்தால் ஹேண்ட்பிரேக்கை விட்டுவிட்டு முதல் கியரில் போட்டு, சக்கரத்துக்கு முன்னும் பின்னும் நல்ல கல்லாகக் கொடுங்கள். சரிவு என்றால் ஹேண்ட்பிரேக் இல்லாமல் நிறுத்தாதீர்கள், மறுநாள் ஒட்டிக்கொண்டாலும் பரவாயில்லை. இறக்கத்தில் வந்து டிரம் கொதிக்கக் கொதிக்க நிறுத்தியதும் லீவரை இழுக்காதீர்கள், சூட்டில் விரிந்த டிரம் ஆறும்போது சுருங்கி ஷூவை இன்னும் இறுக்கும். அப்படியும் ஒட்டிக்கொண்டால் வெந்நீர் ஊற்ற வேண்டாம், அதுவே மறுபடி உறையும். வெயில் வரும் வரை காத்திருங்கள், பிறகு ரிவர்ஸும் முதல் கியருமாக மாற்றி மாற்றி கிளட்சை மெதுவாக விட்டுப் பாருங்கள். இரண்டு மூன்று முறையில் விடவில்லை என்றால் நிறுத்திவிட்டு, சக்கரத்தைக் கழற்றி டிரம்மில் மரக்கட்டையால் சுற்றிலும் தட்டச் சொல்லுங்கள்.