எடை குறைவாகப் பிறந்த பிள்ளைக்குப் பின்னாளில் சர்க்கரை வருமா?

கேள்வி: கர்ப்பத்தில் எனக்கு விடாத வாந்தி, ஏழாம் மாதம் வரை சரியாகச் சாப்பிடவில்லை. மகன் 2.2 கிலோதான் பிறந்தான், இப்போது இரண்டு வயது. தாய் சாப்பிடாவிட்டால் பிள்ளையின் மரபணுவே மாறிச் சர்க்கரை நோய் வரும் என்று படித்ததிலிருந்து தூக்கமே இல்லை. வீட்டிலோ எடை ஏறட்டும் என்று ஊட்டிக்கொண்டே இருக்கிறார்கள். என்ன செய்வது?

பதில்: மரபணு மாறாது, முதலில் நிம்மதியாகத் தூங்குங்கள். மாறுவது அதன் மேல் ஒட்டும் மீத்தைல் போன்ற சின்ன வேதிக்குறிகள். எந்த மரபணு எவ்வளவு வேலை செய்ய வேண்டும் என்பதில் அவற்றுக்குப் பங்கு உண்டு. நெதர்லாந்தில் 1944-45 குளிர்காலப் பஞ்சத்தில் கருவானவர்களுக்கு, 60 வருடம் கழித்தும், வளர்ச்சி தொடர்பான ஐஜிஎஃப்2 மரபணுவில் இந்தக் குறிகள் அவர்களின் உடன்பிறந்தவர்களைவிடக் குறைவாக இருந்தன. வயிற்றில் இருந்தபோது அந்தப் பஞ்சத்தைச் சந்தித்தவர்களுக்கு ஐம்பது வயதில் ரத்தச் சர்க்கரையும் சற்றுக் கூடுதல். ஆனால் அந்தக் குறிதான் சர்க்கரையைக் கொண்டுவந்தது என்று மனிதர்களில் நிரூபணமாகவில்லை. அப்புறம், கர்ப்பகால வாந்தியும் பஞ்சமும் ஒன்றல்ல.

உங்கள் வீட்டுக் கதைக்கு ரஷ்யாவின் லெனின்கிராட் நகரம்தான் பொருத்தம். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மன் படை அதைச் சுற்றி வளைத்த 1941-44 முற்றுகையில் அங்கேயும் கடும் பட்டினி, ஆனால் அப்போது கருவில் இருந்தவர்களைப் பின்னாளில் சோதித்தபோது சர்க்கரைக் கோளாறு கூடுதலாகத் தெரியவில்லை. அங்கே முற்றுகைக்குப் பிறகும் சாப்பாடு தாராளமாகக் கிடைக்கவில்லை, பிள்ளைகள் மளமளவென்று எடை போடவில்லை, அதனால் இருக்கலாம் என்பது ஒரு விளக்கம். கருவில் பற்றாக்குறைக்குப் பழகிய உடம்பில், இன்சுலின் சுரக்கும் செல்களும் தசையும் குறைவாக அமைந்திருக்கலாம். அதன் மேல் வேகமாகக் கொழுப்பு ஏறினால் திணறுகிறது.

அதற்காகப் பட்டினி போடச் சொல்லவில்லை! வளர்ச்சி அட்டையில் எடையோடு உயரத்தையும் பாருங்கள், இரண்டும் சேர்ந்து ஏறினால் போதும், வாயை மூடிக்கொள்ளும் பிள்ளைக்குத் திணிக்க வேண்டாம், இனிப்புப் பானம் வேண்டவே வேண்டாம். ஓடி விளையாடட்டும். வளர்ந்த பின்னும் மருத்துவரிடம் பிறப்பு எடையைச் சொல்லுங்கள்.

தாய்க்குச் சர்க்கரை அதிகமாக இருந்தாலும் பிள்ளைக்கு ஆபத்து கூடும். அதனால் அடுத்த குழந்தைக்கு யோசனை இருந்தால், கருத்தரிக்கும் முன்பே சர்க்கரையும் ரத்தசோகையும் சோதித்துக்கொண்டு ஃபோலிக் ஆசிட் மாத்திரையைத் தொடங்கிவிடுங்கள். இம்முறையும் வாந்தி வந்தால் பொறுத்துக்கொண்டு இருக்காதீர்கள், கர்ப்பத்தில் எடுக்கக்கூடிய வாந்தி மருந்துகள் இருக்கின்றன, கேட்டு வாங்குங்கள்.