மேடைப் பேச்சு வேண்டாம், சந்தை கூட்டுங்கள்

கேள்வி: காரைக்குடி அருகே ஒரு மேல்நிலைப் பள்ளியில் பொருளியல் ஆசிரியை நான். தடையில்லாத் தொழில்முயற்சிப் பொருளாதாரத்தை, அதாவது விலையை அரசு அல்லாமல் சந்தையே தீர்மானிக்கும் முறையை, வகுப்பில் எப்படி நடத்துவது என்று சக ஆசிரியர்களுக்கு ஒரு நாள் பயிற்சி. என்னைக் கருத்தாளராகப் போட்டிருக்கிறார்கள். "முதலாளிகளுக்குப் பிரசாரமா?" என்று மூத்த ஆசிரியர் ஒருவர் இப்போதே கேட்கிறார். எப்படிச் சமாளிப்பது?

பதில்: சமாளிக்க வேண்டாம் டீச்சர். அவர் கேட்பது நியாயம்தான். அதையும் பயிற்சிக்குள் இழுத்துவிடுங்கள்.

முதலில் பவர்பாயிண்ட்டை மூடுங்கள். எட்டுப் பேர் விற்கட்டும், எட்டுப் பேர் வாங்கட்டும். சரக்கு கத்தரிக்காய், ஆளுக்கு ஒரு கிலோ. விற்பவரிடம் அடக்கவிலைச் சீட்டு: 20 ரூபாயில் தொடங்கி ஐந்தைந்தாக ஏறி 55 வரை. வாங்குபவர் சீட்டிலும் அதே எண்கள்தான், ஆனால் அது அவர் கொடுக்கக்கூடிய உச்சவிலை. சீட்டைக் காட்டாமல் பேரம் பேசட்டும். சில சுற்றுகளில் விலை பெரும்பாலும் 35க்கும் 40க்கும் நடுவே வந்து நின்றுவிடும். அடக்கம் அதிகமானவர்கள் சரக்கோடு உட்கார்ந்திருப்பார்கள், அதுவும் பாடம்தான். அமெரிக்கப் பொருளியலாளர் வெர்னான் ஸ்மித் 1956 முதல் தன் மாணவர்களை வைத்து இந்த மாதிரிதான் சோதித்தார். 2002இல் நோபல் பரிசு வாங்கினார்.

அப்புறம் நீங்கள் கலெக்டராகி, 25 ரூபாய்க்கு மேல் விற்கக் கூடாது என்று உத்தரவு போடுங்கள். வாங்க ஏழு பேர் நிற்பார்கள், விற்க இரண்டு பேர்தான் இருப்பார்கள். தேவை, அளிப்புக் கோடுகளை அதற்குப் பிறகு கரும்பலகையில் வரையலாம்.

மூத்த ஆசிரியருக்கு நம் ஊர்க் கதையே போதும். எம்.சி.டி.எம். சிதம்பரம் செட்டியார் தொடங்கிய இந்தியன் ஓவர்சீஸ் வங்கி, 1937 பிப்ரவரி 10 அன்று காரைக்குடி, சென்னை, ரங்கூன் மூன்று ஊரிலும் ஒரே நாளில் கதவு திறந்தது. இதைப் பெருமையாகவே சொல்லுங்கள். கூடவே அந்தக் காலத்துப் பர்மாவையும் மறைக்காதீர்கள். 1930களின் பொருளாதார மந்தத்தில் நெல் விலை சரிந்தது. கடன் கட்ட முடியாத விவசாயிகளின் நிலம், கடன் கொடுத்த செட்டியார்களின் வட்டிக்கடைகளுக்கு வந்தது. கீழ்ப் பர்மாவின் நெல் நிலத்தில் ஏறத்தாழக் கால்வாசி. பத்திரத்தில் குறை இல்லை, இரு தரப்பும் சம்மதித்த கடன்தான். ஆனாலும் பர்மியர்களின் கோபம் மூண்டது. விடுதலைக்குப் பின் அங்கே நில உடைமைச் சட்டமே மாறியது.

சம்மதித்துச் செய்த ஒப்பந்தம் எல்லாம் நியாயம்தானா? இதை ஆசிரியர்களே வாதாடட்டும், தீர்ப்பை நீங்கள் சொல்லிவிடாதீர்கள். மூத்த ஆசிரியரை வட்டிக்கடைக்காரர் தரப்பில் பேச வையுங்கள். விவசாயி தரப்பை அவர் ஏற்கெனவே மனப்பாடமாக வைத்திருப்பார்.

கத்தரிக்காய் ஆட்டத்தை மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் வையுங்கள். அந்த நேரத்தில் விரிவுரை என்றால் பாதிப் பேர் தூங்கிவிடுவார்கள்.