லாரித் தண்ணீர்ச் செலவைக் குறைக்க எங்கே தொடங்குவது?

கேள்வி: மேடவாக்கத்தில் எட்டு வீடுகள் உள்ள அடுக்குமாடிக் குடியிருப்பில் இருக்கிறோம். வீட்டில் நான்கு பேர். லாரித் தண்ணீருக்கு மட்டும் மாதம் 1,800 ரூபாய் பங்கு வருகிறது. குழாயை மூடு, மூடு என்று பிள்ளைகளிடம் சொல்லி அலுத்துவிட்டது. பெரிய செலவில்லாமல் இதைக் குறைக்க வழி உண்டா?

பதில்: உண்டு. பிள்ளைகளைக் கொஞ்ச நாள் விட்டுவிடுங்கள். முதலில் கழிப்பறைக்குப் போய் ஃப்ளஷ் டேங்கின் மூடியைத் திறந்து பாருங்கள்.

வெள்ளைத் துணிக்குப் போடும் சொட்டு நீலம் வீட்டில் இருக்கும். அதில் ஐந்தாறு சொட்டு டேங்குக்குள் விட்டு, அரைமணி நேரம் யாரும் ஃப்ளஷ் செய்யாமல் பார்த்துக்கொள்ளுங்கள். பிறகு கழிப்பறைக் கோப்பையைப் பாருங்கள். பின்சுவரில் நீலக் கோடு இறங்கியிருந்தால், டேங்கின் அடியில் இருக்கும் ரப்பர் வாஷர் சரியாக உட்காரவில்லை என்று பொருள். உப்புத் தண்ணீர் புழங்கும் வீடுகளில் இந்த வாஷர் சீக்கிரமே விறைத்து, விளிம்பில் வெள்ளைப் படிவு கட்டிவிடுகிறது. சத்தமே வராது, தரையும் நனையாது. அதனால்தான் மாதக்கணக்கில் யார் கண்ணிலும் படுவதில்லை. டேங்கில் இன்னொன்றையும் கவனியுங்கள். மிதவை அளவுக்கு மேல் உயர்ந்து நின்றால், நடுவில் நிற்கும் வழிகுழாய் வழியாகத் தண்ணீர் ஓயாமல் கோப்பைக்குள் போய்க்கொண்டிருக்கும். நீர்மட்டம் அந்தக் குழாயின் வாய்க்கு ஓர் அங்குலம் கீழே நிற்கும்படி மிதவையைத் தாழ்த்திவிட்டால் போதும்.

இதை இவ்வளவு அழுத்திச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. நிமிடத்துக்கு ஒரு டம்ளர், அதாவது 200 மில்லி கசிந்தால் நாளுக்கு 288 லிட்டர். மாதத்துக்கு 8,640 லிட்டர். 12,000 லிட்டர் லாரியில் முக்கால் பங்குக்குச் சற்றுதான் குறைவு. நம் நாட்டில் நகரங்களுக்குக் குடிநீர்த் திட்டம் போடும்போது ஆளுக்கு நாளொன்றுக்கு 135 லிட்டர் என்று கணக்கிடுகிறார்கள். உங்கள் நான்கு பேருக்கு 540 லிட்டர். அதில் பாதிக்கு மேல் ஒரே ஒரு வாஷர் வழியே போய்விடலாம்! பிள்ளைகள் பல் துலக்கும்போது குழாயை மூடாமல் விடுவது இதன் பக்கத்தில் கூட வராது.

பழைய பெரிய டேங்காக இருந்தால், தண்ணீர் நிரப்பி இறுக மூடிய ஒரு லிட்டர் பாட்டிலை உள்ளே நிறுத்துங்கள். ஒவ்வொரு முறையும் ஒரு லிட்டர் மிச்சம். செங்கல் வைக்க வேண்டாம். அது கரைந்து வால்வை அடைத்துவிடும்.

அடுத்தது குளியல். ஷவருக்குக் கீழே ஒரு வாளியை வைத்து ஒரு நிமிடம் திறந்துவிட்டு அளந்து பாருங்கள். 10 லிட்டர் பிடித்தால், பத்து நிமிடக் குளியலுக்கு 100 லிட்டர். வாளியில் மொண்டு குளித்தால் 20 லிட்டரில் முடிந்துவிடும். வெந்நீர்க் குளியல் என்றால் மின்சாரமும் சேர்கிறது. 100 லிட்டரைப் பத்து டிகிரி சூடேற்ற ஒரு யூனிட்டுக்கு மேல் ஆகும். 20 லிட்டருக்குக் கால் யூனிட் கூட ஆகாது.

சமையலறைக் குழாயின் முனையில் ஏரேட்டர் என்னும் சிறு வலைமூடியைப் பொருத்துங்கள். காற்றைக் கலந்து விடுவதால் குறைந்த தண்ணீரிலேயே பாத்திரம் சுத்தமாகும். உப்பு அடைத்துக்கொண்டால் கழற்றி எலுமிச்சைச் சாற்றில் ஊறவையுங்கள்.

ஆர்.ஓ. இயந்திரம் இருக்கிறதா? ஒரு லிட்டர் குடிநீருக்கு இரண்டு மூன்று லிட்டரைக் கூட வெளியே தள்ளும் கருவி அது. அதன் கழிவுநீர்க் குழாயின் கீழ் ஒரு வாளி வையுங்கள். வீடு துடைக்கவும் கழிப்பறைக்கு ஊற்றவும் அந்தத் தண்ணீர் நன்றாகவே உதவும். செடிகளுக்குத் தொடர்ந்து ஊற்றாதீர்கள்; உப்பு அதிகம், வேர் கருகும்.

இனி, உங்கள் கடிதத்தில் எனக்கு மிகவும் உறுத்திய இடத்துக்கு வருகிறேன். 1,800 ரூபாய் என்பது உங்கள் பங்கு. எட்டு வீடுகளுக்கும் சமமாகப் பிரிக்கிறார்கள் என்றால், நீங்கள் மிச்சப்படுத்தும் ஒவ்வொரு ரூபாயிலும் எட்டில் ஒரு பங்குதான் உங்கள் கைக்கு வரும். வீட்டுக்கு வீடு மீட்டர் வைப்பதுதான் நியாயமான தீர்வு. ஆனால் பழைய கட்டடங்களில் சமையலறைக்கு ஒன்று, குளியலறைகளுக்கு ஒவ்வொன்று என்று மேல்தொட்டியிலிருந்து தனித்தனிக் குழாய்கள் இறங்குகின்றன. ஒரே வீட்டுக்கு மூன்று மீட்டர் கூடத் தேவைப்படலாம். அந்தச் செலவுக்கு எல்லோரும் ஒத்துக்கொள்ள நாளாகும்.

அதுவரை காத்திருக்காதீர்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை பிளம்பர் ஒருவரை அழைத்து, எட்டு வீடுகளிலும் ஒரே நாளில் சொட்டு நீலச் சோதனை செய்து, பழுதான வாஷர்களை அன்றைக்கே மாற்றிவிடுங்கள். மொட்டைமாடித் தொட்டி நிரம்பி வழிகிறதா என்பதையும் பார்க்கச் சொல்லுங்கள். மோட்டார் தானாக நிற்கும் கருவி இல்லையென்றால் பொருத்தச் சொல்லுங்கள்.

லாரி வரும்போது சம்பில், அதாவது தரைக்கடித் தொட்டியில், ஒரு நீண்ட குச்சியை விட்டு, இறக்குமுன்னும் இறக்கியபின்னும் மட்டத்தை அளந்து எழுதி வையுங்கள். பத்தடிக்கு எட்டடி சம்பு என்றால் ஓர் அடி உயரம் சுமார் 2,260 லிட்டர். 12,000 லிட்டர் இறங்கினால் மட்டம் ஐந்தேகால் அடியாவது ஏற வேண்டும். நாலரை அடிதான் ஏறியது என்றால், லாரிக்காரரிடம் அந்தக் குச்சியையே காட்டிக் கேளுங்கள்.