குதிரை மேயும் கொறங்காட்டில் பார்த்தீனியத்தைக் கட்டுப்படுத்த எந்த மருந்தை அடிக்கலாம்?

காங்கேயம் பக்கத்தில் 4 ஏக்கர் கொறங்காட்டில் (வேலி அடைத்த மானாவாரி மேய்ச்சல் நிலத்தில்) இரண்டு குதிரைகளை விட்டிருப்பதாகவும், மூன்றாம் ஆண்டிலேயே பாதிக் காட்டில் பார்த்தீனியம் ஏறிவிட்டதாகவும், காங்கேயம் மாடுகள் மேய்ந்த காலத்தில் இந்தத் தொல்லை இருந்ததில்லை என்றும் எழுதியிருக்கிறீர்கள். மருந்தைப் பற்றிய பதிலும் கீழே இருக்கிறது. ஆனால் உங்கள் கேள்வியின் கடைசிப் பகுதியில்தான் விஷயமே இருக்கிறது என்பதால் அங்கிருந்து தொடங்குகிறேன்.

மாடு நாக்கால் சுழற்றிப் புல்லை அறுத்துத் தின்னும். அதற்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது. குதிரைக்கு மேலும் கீழும் வெட்டுப்பற்கள் இருப்பதால், பிடித்த இடத்தில் தூரோடு ஒட்டக் கடித்துக்கொண்டே இருக்கும். அதோடு, தான் சாணம் போட்ட இடத்தில் அது வாய் வைக்காது. ஆகவே ஒரே காட்டில் ஒரு பகுதி மொட்டையாகவும் மறுபகுதி முற்றிய புல்லாகவும் ஆகிவிடுகிறது. மொட்டையான இடத்தில் மழைக்குப் பின் முதலில் முளைப்பது பார்த்தீனியம்தான். ஒரு செடியே பத்தாயிரத்துக்கும் மேற்பட்ட விதைகளை உதிர்க்கக்கூடியது. முளைத்து ஏறத்தாழ ஒரு மாதத்தில் பூத்தும்விடும். கொழுக்கட்டைப் புல் அடர்ந்து நிற்கும் இடத்தில் அதனால் எளிதில் தலைதூக்க முடியாது என்பதை உங்கள் வேலியோரத்திலேயே பார்க்கலாம்.

நான் தாராபுரம் பக்கம் குதிரை வளர்க்கத் தொடங்கிய முதல் ஆண்டில் வெட்டும் இயந்திரத்தை வைத்துக் காடு முழுவதையும் தரைமட்டமாக வெட்டினேன். இருபது நாளில் பார்த்தீனியம் அடித்தூரிலிருந்து முன்னிலும் அதிகக் கிளைகளோடு துளிர்த்து, குட்டையாக நின்று, பூவும் பூத்தது. அதற்குப் பிறகு கையால் பிடுங்குவதற்கு மாறினேன். மழை பெய்து மண் இளகியிருக்கும் இரண்டு மூன்று நாட்களில், பூ வருவதற்கு முன், வேரோடு பிடுங்க வேண்டும். கையுறையும் முழுக்கைச் சட்டையும் கட்டாயம். இந்தச் செடியால் வரும் தோல் அரிப்பு சிலருக்கு வாழ்நாள் தொல்லையாகவே நின்றுவிடுகிறது. மண்ணில் விதை பல ஆண்டு உயிரோடு கிடக்கும் என்பதால் இதை ஒரே மழையில் முடியும் வேலையாக எண்ண வேண்டாம். இலையில் வரி போட்ட சிறு வண்டுகளைக் கண்டால் அவற்றைக் கொல்லாதீர்கள்; மெக்சிகோவிலிருந்து கொண்டுவந்து 1984இல் பெங்களூரில் விடப்பட்ட அந்த வண்டு பார்த்தீனிய இலையைத்தான் தின்கிறது. ஆனால் நம் வறண்ட காட்டில் அதை மட்டும் நம்பியிருக்க முடியாது.

இனி மருந்து. கிளைபோசேட் என்ற களைக்கொல்லி புல்லையும் சேர்த்து அழித்து அதே மொட்டைத் தரையைத்தான் உங்களுக்குத் திருப்பித் தரும். தவிர, 2022 அக்டோபரில் மத்திய அரசு அதன் பயன்பாட்டைப் பூச்சிக் கட்டுப்பாட்டு உரிமம் பெற்றவர்களுக்கு மட்டும் என்று சுருக்கிவிட்டது. 2,4-டி என்ற இன்னொரு களைக்கொல்லி அகன்ற இலைச் செடிகளை மட்டும் கொல்லும், புல்லை விட்டுவிடும் என்பது உண்மை. ஆனால் அண்டைக் காட்டில் பருத்தியோ தக்காளியோ முருங்கையோ இருந்தால் காற்றில் பறக்கும் துளியே அவற்றைச் சுருட்டிவிடும். உப்புக் கரைசல் அடிக்கச் சொல்பவர்கள் உண்டு. மேய்ச்சல் மண்ணில் உப்பைக் கொட்டுவதை நான் ஏற்பதில்லை. எதை அடித்தாலும், வாடும் செடியில் கசப்பு குறைந்து குதிரைக்கு ருசிக்கத் தொடங்கும் என்பதால், செடிகள் முற்றிலும் காய்ந்து அகற்றப்படும் வரையிலும், டப்பாவில் குறித்துள்ள நாட்கள் வரையிலும் குதிரைகளை அங்கே விடக் கூடாது.

பார்த்தீனியம் கண்ணுக்குத் தெரிவதால் அதைப் பற்றிக் கேட்டீர்கள். நான் அதைவிட அஞ்சுவது கிலுகிலுப்பையை. காய்ந்த காயை ஆட்டினால் விதை கிலுகிலுக்கும் அந்தச் செடியின் நச்சு குதிரையின் கல்லீரலை மாதக்கணக்கில் மெல்லக் கெடுக்கும். செம்மறியும் வெள்ளாடும் ஓரளவு தாங்கும், குதிரை தாங்காது. காய்ந்த பின்னும் நச்சு போவதில்லை என்பதால் தீவனப் போரில் கலந்திருந்தாலும் ஆபத்துதான். பசுந்தாள் உரமாக விதைக்கும் சணப்பை அதே இனம் என்பதால் அதையும் குதிரைக்கு எட்டாமல் வைக்கிறேன். வேலியோர ஆமணக்கையும் அரளியையும் இன்றே எடுத்துவிடுங்கள். சீமைக்கருவேலங்காயைக் குதிரை விரும்பித் தின்று வயிற்றடைப்புக்கு உள்ளாவதும், சாணத்தின் வழியே காடு முழுவதும் அதை விதைப்பதும் உண்டு.

இன்னொன்று, மாடு வளர்த்துப் பழகிய நமக்கு நம்பக் கடினமானது. கொறங்காட்டின் உயிரான கொழுக்கட்டைப் புல்லிலேயே ஆக்சலேட் என்ற வேதிப்பொருள் அதிகம். அது சுண்ணாம்புச் சத்தைப் பிடித்துவைத்துக்கொள்ளும். மாட்டின் அசையூண் வயிற்று நுண்ணுயிரிகள் அதைச் சிதைத்துவிடும். குதிரைக்கு அந்த வசதி இல்லை. மாதக்கணக்கில் அந்தப் புல்லையே மேய்ந்தால் குதிரையின் முக எலும்பு வீங்கும், கால் நொண்டும். அதன்மேல் தவிட்டையும் வைத்தால், அதிலுள்ள பாஸ்பரஸ் நிலைமையை இன்னும் கெடுக்கும். இதற்காகப் புல்லை அழிக்க வேண்டியதில்லை; முயல் மசால் என்ற தீவனச் செடியை ஊடே விதைப்பதும், கிணற்று நீர் இருந்தால் ஒரு பாத்தியில் குதிரைமசால் என்ற பசுந்தீவனத்தைப் போட்டு அறுத்துப் போடுவதும், சுண்ணாம்புச் சத்துக் கலவையை மருத்துவரைக் கேட்டுச் சேர்ப்பதும் போதும். (குதிரைமசால் என்று பெயர் வைத்தவர்கள் விவரம் தெரிந்துதான் வைத்திருக்கிறார்கள்.)

காட்டை நான்காகத் தடுங்கள். புல் ஒரு சாண் உயரம் வந்தபின் குதிரையை விட்டு, நான்கு விரற்கடை உயரத்திற்கு இறங்கியதும் அடுத்த தடுப்புக்கு மாற்றுங்கள். பின்னாலேயே செம்மறிகளை விட்டால், குதிரை ஒதுக்கிய முற்றிய புல்லை அவை தின்று சமன் செய்யும். குதிரையின் குடற்புழுக்களும் பெருமளவு குறையும். சாணத்தை வாரத்திற்கு இருமுறையாவது அள்ளிக் குவித்து, குவியல் உள்ளே நன்றாகச் சூடேறி மட்கிய பிறகே காட்டில் இறைக்க வேண்டும். பச்சையாக இறைத்தால் களை விதையை நாமே தூவுகிறோம். மொட்டையாகிவிட்ட பாதியில் இவ்வாண்டு குதிரையே வேண்டாம். ஐப்பசி மழைக்கு முன் மேலாகக் கீறி, கொழுக்கட்டைப் புல் விதையையும் முயல் மசால் விதையையும் கலந்து தூவிவிட்டு, தை வரை பூட்டி வையுங்கள்.